ஒரே வரி, இறாலுக்கு இறக்கம், கார்டுக்கு ஏற்றமா?

கேள்வி: ராமேஸ்வரம் பக்கம் மண்டபம் ஊரில் கல்யாண வீடியோ ஸ்டுடியோ நடத்துகிறேன். சொந்தமாக இரண்டு கேமரா, ஒரு டெஸ்க்டாப். அதில் இருப்பது ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்டு, 4 ஜிபி. 4கே ஃபுட்டேஜை டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் சாஃப்ட்வேரில் போட்டுக் கலர் பார்க்க ஆரம்பித்தால், கார்டின் மெமரி நிரம்பிவிட்டது என்று சொல்லி நின்றுவிடுகிறது. ஆர்டிஎக்ஸ் 5060 டிஐ 16 ஜிபி கார்டு வாங்கலாம் என்று விலை கேட்டேன். ஒரே மாதத்தில் மூன்று தடவை மூன்று விலை. ஏன் என்றால், "டிரம்ப் வரி போட்டுட்டாரு தம்பி, நாங்க என்ன செய்ய" என்கிறார்கள். அப்பா நாட்டுப்படகு வைத்திருக்கிறார். அவரோ, டிரம்ப் வரி போட்டதிலிருந்து இறாலுக்கு விலையே இல்லை என்கிறார். ஒரே வரி எப்படி நாங்கள் விற்பதன் விலையை இறக்கி, வாங்குவதன் விலையை ஏற்றும்? துபாயில் இருக்கும் மச்சானை வாங்கிவரச் சொல்லலாமா, இல்லை ஆறு மாதம் பொறுக்கலாமா?

பதில்: தம்பி, கம்ப்யூட்டர் கடை வைத்திருப்பவனிடம் இதைக் கேட்பது, மீன்காரம்மாவிடமே "இது நேத்து மீனா?" என்று கேட்பது மாதிரி. கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். ராமநாதபுரம் அரண்மனைப் பக்கம் இருபது வருடமாகக் கடை நடத்துகிறேன். நானும் வாடிக்கையாளரிடம் "வரி ஏறிடுச்சு" என்று சொல்லித் தப்பித்த நாட்கள் உண்டு. விளக்கம் சொல்ல நேரம் இல்லாதபோது வரி ஒரு நல்ல பதில்.

உங்களுக்குச் சொன்ன பதில் பாதிக்கு மேல் தப்பு. அமெரிக்க வரி, அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கு இறங்கும்போது அங்கே இறக்குமதி செய்பவர் கட்டுவது. உங்களுக்கு வரும் கார்டு அமெரிக்காவைத் தொடுவதே இல்லை. சில்லு தைவானில் டிஎஸ்எம்சி ஆலையில் செய்யப்படுகிறது. மெமரி சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் ஆகிய மூன்று கம்பெனிகளிடமிருந்து வருகிறது. எல்லாவற்றையும் பலகையில் பற்றவைத்து, ஃபேன் மாட்டிப் பெட்டியில் போடுவது பெரும்பாலும் சீனாவில், கொஞ்சம் வியட்நாம், தைவான் பக்கம். அங்கிருந்து நேராக இந்தியா. நம் அரசு கம்ப்யூட்டர் பாகங்களுக்குச் சுங்க வரி போடுவதில்லை. 1997இல் சேர்ந்த தகவல் தொழில்நுட்பப் பொருள் ஒப்பந்தத்தின்படி அது சுழியம். ஜிஎஸ்டி 18 சதவீதம் மட்டும் உண்டு. அது டிரம்ப் வரி போடுவதற்கு முன்பும் 18தான், பிறகும் 18தான்.

அப்படியானால் அந்த வரிக்கும் நமக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது, ஆனால் சுற்றி வரும் சம்பந்தம். சீனப் பொருட்களின் மேல் அமெரிக்கா 2018 செப்டம்பரில் 10 சதவீதம் போட்டது, 2019 மே மாதம் அதை 25 ஆக்கியது. கிராபிக்ஸ் கார்டுக்கு நடுவில் விலக்கு கிடைத்தது, 2021 தொடக்கத்தில் அந்த விலக்கு காலாவதியானது, கார்டு கம்பெனிகள் அங்கே விலையை ஏற்றின. அடுத்த வருடம் விலக்கு திரும்பி வந்தது. 2025இல் இன்னும் பெரிய கூத்து. பிப்ரவரியில் 10, மார்ச்சில் 20, ஏப்ரலில் சீனப் பொருளுக்கு 145 சதவீதம் வரை போனது. அதே ஏப்ரல் 11ஆம் தேதி கம்ப்யூட்டர், போன், சில்லு வகைகளுக்குப் பெரும்பகுதி விலக்கு கொடுத்தார்கள். காலையில் ஒரு சட்டம், சாயங்காலம் ஒரு சட்டம். இப்படி இருக்கும்போது கார்டு செய்பவன் என்ன செய்வான்? வரி ஏறும் முன் கையில் இருக்கும் சரக்கை முதலில் அமெரிக்காவுக்கு ஓட்டுவான், சீனாவிலிருந்து வேறு நாட்டுக்கு ஆலையை மாற்றுவான். மாற்றிய செலவை எல்லாக் கார்டின் மேலும் தூவுவான். நமக்கு வருவது அந்தத் தூவல்.

அந்தத் தூவலை எதிர்த்துப் பேச இடம் இல்லாததுதான் விஷயம். அதற்கு அப்பாவின் கூடையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

2025 ஆகஸ்டில் இந்தியப் பொருட்கள் மேல் அமெரிக்கா முதலில் 25, மாதக் கடைசியில் இன்னொரு 25 என்று 50 சதவீதம் ஏற்றியது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பா வலையில் விழும் இறால் அமெரிக்காவுக்குப் போவதே இல்லை. வலையில் ஆமை தப்பிக்கும் கருவி இல்லை என்ற காரணம் சொல்லி 2019 முதல் அவர்கள் நம் கடல் இறாலை எடுப்பதில்லை. போவது பண்ணை இறால், வனாமி. பெரும்பகுதி ஆந்திராவிலிருந்து, கொஞ்சம் நம் கரையோரப் பண்ணைகளிலிருந்தும். இந்திய இறாலுக்குப் பெரிய வாடிக்கையாளர் அமெரிக்காதான். அந்த வாசல் குறுகினால், அங்கே போக வேண்டிய வனாமி மற்ற வாசல்களில் வந்து நிற்கும். அந்த மற்ற வாசல்களை நம்பி இருப்பதுதான் அப்பாவின் கடல் இறால். தன்மேல் போடாத வரியில் அவர் அடிபடுவது இப்படித்தான்.

சரி, அவர் ஏன் "இந்த விலைக்குக் கொடுக்க மாட்டேன்" என்று கூடையைத் தூக்கிக்கொண்டு திரும்பவில்லை? கரையில் நின்று பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கூடைக்கு மேல் அள்ளிப்போட்ட ஐஸ் ஓரத்திலிருந்து சொட்ட ஆரம்பிக்கிறது. இறாலின் தலை கறுக்க ஆரம்பித்தால் ஏலத்தில் ஒரு படி கீழே. விற்க நிற்பவர்கள் கரை முழுக்க, வாங்க வந்திருப்பவர்கள் நாலு கம்பெனி ஏஜென்ட். அதில் ஒருவரிடம் டீசலுக்கும் வலைக்கும் முன்பணம் வாங்கியிருந்தால் மற்ற மூன்று பேரும் கணக்கிலேயே இல்லை. ஏஜென்ட் ஃபோனில் யாரிடமோ பேசிவிட்டு ஒரு விலை சொல்கிறார், அவ்வளவுதான். எங்கேயோ போட்ட வரி முழுக்கக் கரையில் வந்து விழுகிறது. கரையில் நிற்பவருக்கு எழுந்து போக வழி இல்லை.

இப்போது கார்டு. கார்டின் சில்லை வடிவமைத்து விற்கும் கம்பெனி என்விடியா. அதன் கூடையில் ஐஸ் இல்லை. சில்லு அழுகாது. இந்த மாதம் பத்துப் பெட்டிக்குப் பதில் ஆறு அனுப்பலாம். ஆலையில் தனக்கு ஒதுக்கிய இடத்தில் கேம் கார்டு சில்லைக் குறைத்து ஏஐ சில்லை அதிகம் செய்யச் சொல்லலாம். வாங்குபவர்கள் உலகம் முழுக்க, விற்பவர் கிட்டத்தட்ட ஒருவர். டெஸ்க்டாப்பில் தனியாகச் செருகும் கார்டுகளில் 2025இல் பத்தில் ஒன்பதுக்கு மேல் என்விடியா சில்லு, மீதி ஏஎம்டி, இன்டெலின் பங்கு கண்ணுக்குத் தெரியாத அளவு. அப்பா விற்கும் இடத்தில் வாங்குபவர் நாலு பேர், நீங்கள் வாங்கும் இடத்தில் விற்பவர் ஒன்றரைப் பேர். இரண்டு இடத்திலும் பேரம் பேச முடியாத பக்கத்தில் உங்கள் குடும்பம் நிற்கிறது. உங்கள் கேள்விக்கு விடை இதுதான்: வரி போட்டவர் கையைக் காட்டும் இடத்தில் வரி விழுவதில்லை, வேறு கடைக்குப் போக முடியாதவர் தலையில் விழுகிறது. இறாலில் அது விற்பவர் தலை, கார்டில் வாங்குபவர் தலை.

புத்தகப்படி பார்த்தால் கார்டிலும் இறால் மாதிரியே நடந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் விலை ஏறி விற்பனை குறைந்தால், அந்தச் சரக்கு இந்தியாவுக்குத் திரும்பி இங்கே விலை இறங்க வேண்டும். நாலைந்து கம்பெனி அடித்துக்கொண்டு விற்றால் அப்படித்தான் ஆகும். ஒருவரே விற்கும்போது அவர் சரக்கைத் திருப்பிவிட மாட்டார், செய்வதையே குறைத்துவிடுவார்.

இதை வெறும் வாய்ப்பேச்சாக விட வேண்டாம், பழைய விலைகளைப் பாருங்கள். 2017 மார்ச்சில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1080 டிஐ 699 டாலருக்கு வந்தது. அப்போது ஏஎம்டியிடமிருந்து பெரிய கார்டு ஒன்று வரப்போகிறது என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். வந்த கார்டு அந்த உயரத்தை எட்டவில்லை. 2018இல் அதே இடத்தில் 2080 டிஐ வந்தபோது ஆரம்ப விலை 999 டாலர், என்விடியா சொந்தமாக விற்ற கார்டு 1,199. எதிரே யாரும் இல்லை. 2019 ஜூனில் ஏஎம்டி ஆர்எக்ஸ் 5700 எக்ஸ்டியை 449 டாலர் என்று அறிவித்தது. என்விடியா அதற்கு எதிராக மேம்படுத்திய கார்டுகளை இறக்கியது. ஏஎம்டி கடைக்கு வருவதற்குள்ளேயே 399 ஆக இறக்கியது. ஒரு கார்டுகூட விற்காமலேயே 50 டாலர் குறைந்தது, தம்பி. இரண்டு கடை எதிரெதிரே இருந்தால் ஒரு வாரத்தில் நடப்பது இது.

இன்னொன்று 2022இல் நடந்தது, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆர்டிஎக்ஸ் 4080 என்ற பெயரிலேயே இரண்டு கார்டுகளை அறிவித்தார்கள். 12 ஜிபி ஒன்று 899 டாலர், 16 ஜிபி ஒன்று 1,199. பெயர் ஒன்றுதான், ஆனால் உள்ளே சில்லே வேறு. வஞ்சிரம் என்று சொல்லி வேறு மீனைத் தலையில் கட்டுவது மாதிரி. வாங்குபவர்கள் சத்தம் போட்டார்கள், அக்டோபரில் 12 ஜிபி கார்டை வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். 2023 ஜனவரியில் அதே சரக்கு 4070 டிஐ என்று பெயர் மாறி 799 டாலருக்கு வந்தது. அந்த மூன்று மாதத்தில் செய்யும் செலவு 100 டாலர் குறைந்திருக்குமா? இல்லை. அதற்கு எந்தச் சுங்கவரியும் காரணம் இல்லை. கேட்டுப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை, குறைத்தார்கள்.

விலை ஏறாமலேயே ஏமாற்றுவதும் உண்டு. உங்களுக்கு மெமரிதான் தட்டுப்பாடு என்பதால் இது முக்கியம். 2016இல் ஜிடிஎக்ஸ் 1070 வந்தபோதே அதில் 8 ஜிபி. 2021இல் ஆர்டிஎக்ஸ் 3060க்கு 12 ஜிபி கொடுத்தார்கள், 329 டாலர். 2023இல் 4060 வந்தது, 299 டாலர், 8 ஜிபி. 2025இல் 5060, அதே 299, அதே 8 ஜிபி. அட்டையில் எண் ஏறிக்கொண்டே போகிறது, உள்ளே பிஸ்கட் ஏறவில்லை. அதே நேரம் இன்டெல் 2024 டிசம்பரில் ஆர்க் பி580ஐ 12 ஜிபியோடு 249 டாலருக்குக் கொடுத்தது. மெமரி கொடுக்கவே முடியாத விலை ஒன்றும் இல்லை என்று அதுவே காட்டுகிறது.

கார்டுக்குத் தங்கள் பெயர் போட்டு விற்கும் கம்பெனிகள், அதாவது ஆசுஸ், எம்எஸ்ஐ, ஜிகாபைட், சோடாக் எல்லாம் போட்டி போடவில்லையா என்று கேட்பீர்கள். போடுகிறார்கள், ஃபேனிலும் லைட்டிலும். சில்லு ஒரே இடத்திலிருந்துதான் வருகிறது. முன்பணம் வாங்கிய படகுக்காரர்கள் மாதிரிதான் அவர்கள் நிலைமையும். அமெரிக்காவில் என்விடியா கார்டுக்குப் பெயர்போன ஈவிஜிஏ கம்பெனி 2022 செப்டம்பரில் இந்தத் தொழிலே வேண்டாம் என்று விலகியது. லாபம் நிற்கவில்லை, தான் விற்கப்போகும் கார்டின் விலை என்ன என்பதே கடைசி நேரம் வரை சொல்லப்படுவதில்லை என்பது அவர்கள் குறை. அவர்களுக்கே அந்தக் கதி என்றால், அரண்மனைப் பக்கம் கடை வைத்திருக்கும் எனக்கு என்ன பேரம் இருக்கும் சொல்லுங்கள். காலையில் வாட்ஸ்அப்பில் ரேட் லிஸ்ட் வரும். மதியம் அதே கார்டுக்கு ஃபோன் செய்தால் "அது காலை ரேட்டுண்ணே" என்பார்கள். உங்களுக்கு ஒரே மாதத்தில் மூன்று விலை சொன்ன கடைக்காரர் மேல் இந்த ஒரு விஷயத்தில் எனக்குக் கோபம் இல்லை. ஒரு கார்டு விற்பதில் எனக்கு நிற்பது, கூடவே விற்கும் கேபினெட்டில் நிற்பதைவிடக் குறைவு.

2021இல் நடந்ததைச் சொல்கிறேன். ஊரடங்கில் எல்லோரும் கம்ப்யூட்டர் வாங்கினார்கள், எத்தேரியம் என்ற டிஜிட்டல் காசைத் தோண்டுபவர்கள் கார்டுகளை மூட்டை மூட்டையாக அள்ளினார்கள். எனக்குச் சரக்கு தரும் விநியோகஸ்தர் ஒருவர், ஒரு 3060 வேண்டுமென்றால் கூடவே இரண்டு மதர்போர்டு எடுக்க வேண்டும் என்றார், யாருமே கேட்காத மாடல். எடுத்தேன். கார்டு அன்று சாயங்காலமே போய்விட்டது. மதர்போர்டில் ஒன்று இன்னும் பரணில் இருக்கிறது, பெட்டியின் மடிப்பில் பல்லி முட்டையிட்டிருக்கிறது. அந்த மதர்போர்டின் விலையையும் 3060 வாங்கியவர் தலையில்தான் வைத்தேன், மறைப்பானேன். அவரிடமும் "வரி" என்றுதான் சொல்லியிருப்பேன்.

எத்தேரியம் 2022 செப்டம்பரில் முறையை மாற்றியதும் தோண்டுவது நின்றது. அந்த இடத்துக்கு இப்போது ஏஐ வந்துவிட்டது, இது சீக்கிரம் நிற்கும் கூட்டமாகத் தெரியவில்லை. 2025 ஜனவரியில் முடிந்த நிதியாண்டில் என்விடியாவின் மொத்த வருமானம் சுமார் 130 பில்லியன் டாலர். அதில் டேட்டா சென்டர் மட்டும் 115, நம் மாதிரி ஆட்கள் வாங்கும் கேமிங் பிரிவு 11 சொச்சம். பத்தில் ஒரு பங்குகூட இல்லாத வாடிக்கையாளருக்காக யார் விலையைக் குறைப்பார்கள்? மெமரி செய்யும் மூன்று கம்பெனிகளும் அதே பக்கம் ஓடுகின்றன. 2025 கடைசியில் மெமரி விலை தாறுமாறாக ஏறியதும், கடைகளில் நாம் வாங்கிக்கொண்டிருந்த குரூஷியல் என்ற பெயர் மெமரி வியாபாரத்தையே விடப்போவதாக மைக்ரான் டிசம்பரில் அறிவித்ததும் இதனால்தான். உங்கள் 16 ஜிபி கார்டு ஆடுவதற்கு வரியைவிட இது பெரிய காரணம். இன்னொரு காரணம் ரூபாய். 2025 டிசம்பரில் டாலர் 90 ரூபாயைத் தாண்டியது.

இதை வைத்து ஒரு கணக்கு போட்டுத் தருகிறேன், எந்தக் கடையில் விலை கேட்டாலும் பயன்படும். 5060 டிஐ 16 ஜிபி 2025 ஏப்ரலில் வந்தபோது அறிவித்த விலை 429 டாலர். அமெரிக்காவில் சொல்லும் விலையில் அவர்கள் ஊர் விற்பனை வரி சேராது என்பதை மறக்க வேண்டாம். டாலர் 90 ரூபாய் என்று வைத்தால் 38,610. ஜிஎஸ்டி 6,950. கூட்டினால் சுமார் 45,560. டாலர் 85ஆக இருந்திருந்தால் இதே கணக்கு 43,030தான் வரும். ரூபாய் சரிந்தது மட்டுமே இரண்டாயிரத்து ஐந்நூறைத் தின்றுவிட்டது, டிரம்ப் தொடாமலே. இப்போது கடைக்காரர் சொல்லும் விலையிலிருந்து இந்தத் தொகையைக் கழியுங்கள். மிச்சம் இருப்பதில் சரக்குக் கூலி, விநியோகஸ்தர், கடை எல்லாம் அடக்கம். இரண்டு மூவாயிரம் என்றால் நியாயம். எட்டாயிரம், பத்தாயிரம் என்றால் நீங்கள் கொடுப்பது தட்டுப்பாட்டுக்கான காசு. அதை "வரி" என்று யாராவது சொன்னால், பில்லில் எந்த வரி என்று காட்டச் சொல்லுங்கள்.

மச்சான் விஷயம். அமீரகத்தில் வாட் என்ற விற்பனை வரி 5 சதவீதம்தான், அதனால் அங்கே மலிவாகத் தெரியும். ஆனால் லேப்டாப் ஒன்றைச் சுங்க வரி இல்லாமல் கொண்டுவரத் தனிச் சலுகை இருக்கிற மாதிரி கார்டுக்குக் கிடையாது. பயணிக்கு உள்ள மொத்த வரம்புக்குள் அதுவும் சேரும். மச்சான் ஊருக்கு வரும்போது வெறுங்கையோடு வருவாரா? மாமியாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்கு ஒன்று, அக்காவுக்கு ஒன்று. அதற்கு மேல் உங்கள் கார்டு. வரம்பு தாண்டினால் சுங்கத்தில் போடும் வரி 18ஐவிட அதிகம், ஆகவே வரும் நாளில் வரம்பு எவ்வளவு என்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். அதைவிடப் பெரியது வாரண்டி. பல கம்பெனிகளின் வாரண்டி வாங்கிய நாட்டோடு சரி. எட்டாவது மாதம் கார்டு படுத்தால் மறுபடி மச்சான் விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டும். கல்யாண சீசனில் அது முடியாது. அப்புறம், உங்கள் ஸ்டுடியோவுக்கு ஜிஎஸ்டி பதிவு இருந்து வழக்கமான முறையில் கட்டுகிறீர்கள் என்றால், இங்கே உங்கள் ஜிஎஸ்டி எண்ணைப் போட்டு வாங்கும் பில்லில் அந்த 6,950ஐ உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அப்போது துபாயின் லாபம் முழுக்கக் காணாமல் போகிறது. பதிவு இல்லையென்றால் இந்த வாதம் உங்களுக்கு இல்லை.

காத்திருப்பதா? வரி குறையும் என்று காத்திருக்காதீர்கள். உங்களுக்கு வரும் கார்டு அமெரிக்காவைத் தொடுவதே இல்லை என்று மேலே சொன்னேன். மெமரி விலையும் ஆறு மாதத்தில் அடங்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆனால் வாங்குவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். கேமராவில் என்ன ஃபார்மட்டில் எடுக்கிறீர்கள்? 10 பிட், 4:2:2, எச்265 என்று எடுக்கிறவர்கள் இப்போது நிறைய. அதைத் தானாகப் பிரித்துப் படிக்கும் பகுதி என்விடியாவில் 50 வரிசையில்தான் வந்தது, பழைய கார்டுகளில் இல்லை. ஆனால் இன்டெல் ப்ராசசரில், 11ஆம் தலைமுறையிலிருந்து, உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் அதைச் செய்யும். மாடல் எண்ணின் கடைசியில் எஃப் என்ற எழுத்து இருந்தால் மட்டும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. உங்கள் மெஷினில் அது இருந்தும், பயாஸில், அதாவது மெஷின் ஆன் ஆகும்போது வரும் அடிப்படை செட்டிங்கில், அணைத்து வைக்கப்பட்டிருக்கலாம். இந்த மாதிரி இரண்டு மெஷினை ஒரு பைசா கார்டு வாங்காமல் ஓட வைத்திருக்கிறேன். விற்பனை போனதே என்று என் தம்பி முறைத்தான்.

அதோடு ரிசால்வில் ப்ராக்ஸி, அதாவது ஃபுட்டேஜின் சிறிய நகல், செய்து எடிட் பண்ணுங்கள், டைம்லைனை 1080இல் வைத்துக்கொண்டு கடைசி ரெண்டரில் மட்டும் 4கேக்கு மாற்றுங்கள். வெட்டி ஒட்டும் வேலைக்கு 4 ஜிபி இழுத்துப் பிடிக்கும். கலரும் நாய்ஸ் குறைப்பதும்தான் மெமரியைக் குடிப்பது, அதற்கு நிஜமாகவே பெரிய கார்டு வேண்டும்.

வாங்கியே ஆக வேண்டுமென்றால் 8 ஜிபி கார்டு எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம், ஒன்றரை வருடத்தில் இதே கடிதத்தை மறுபடி எழுதுவீர்கள். 5060 டிஐயிலும் 8 ஜிபி ஒன்று இருக்கிறது, 379 டாலர், பெட்டி கிட்டத்தட்ட ஒரே மாதிரி. பில்லில் 16 ஜிபி என்று எழுதி வாங்குங்கள். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 9060 எக்ஸ்டி 16 ஜிபி அறிவித்த விலை 349 டாலர். அதே கணக்கில் 37,060 ரூபாய் சொச்சம், எட்டாயிரத்து ஐந்நூறு மிச்சம். ரிசால்வில் என்விடியா வேகமாகப் போகும் என்பது உண்மை. ஆனால் வாரத்துக்கு ஒரு கல்யாணம் எடிட் செய்பவருக்கு ரெண்டர் பத்து நிமிடம் பிந்துவது நஷ்டமா என்பது நீங்கள் முடிவு செய்ய வேண்டியது. உங்கள் ஃபுட்டேஜ் 4:2:2 ஆக இருந்து, இன்டெல் உள் கிராபிக்ஸும் இல்லையென்றால் மட்டும் என்விடியா 50 வரிசைக்கோ இன்டெல் ஆர்க்குக்கோ போங்கள். மற்றபடி, இரண்டாவது கடை ஒன்று திறந்திருக்க வேண்டுமென்றால் யாராவது அங்கேயும் வாங்க வேண்டும்தானே. நான் என் பையனுக்கு ஏஎம்டிதான் போட்டேன்.

கடைசியாக, கடற்கரை. பாம்பனிலிருந்து போன மாதம் ஒரு கார்டு வந்தது, வாங்கி பதினான்கு மாதம். மானிட்டர் வயர் செருகும் தகட்டில் செம்மண் நிறத்தில் துரு. ஃபேனைக் கழற்றினால் பலகையில் வெள்ளைப் பொருக்கு, ஸ்லாட்டில் செருகும் தங்க நிறப் பற்களில் இரண்டு பச்சை பூத்துவிட்டன. வாரண்டி இருந்தது, சர்வீஸ் சென்டர் துருவைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் சிபியுவை ஜன்னலுக்கு நேரே, கடல் காற்று படும்படி வைத்திருந்தார், சூடு குறையும் என்று. மண்டபத்தில் உங்களுக்கும் அதே காற்றுதான். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் வையுங்கள், காற்று இழுக்கும் பக்கம் வலை ஃபில்டர் போடுங்கள், வேலை இல்லாத நாளிலும் அரைமணி நேரம் ஓட விடுங்கள். மாதம் ஒரு தடவை ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள்.

இப்போதைக்குச் செய்ய வேண்டியது: ப்ராசசரின் முழு மாடல் எண், கேமராவின் ரெக்கார்டிங் ஃபார்மட், ரிசால்வ் நிற்கும் நேரத்தில் டாஸ்க் மேனேஜரில் ஜிபியு மெமரி எவ்வளவு காட்டுகிறது, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். மெஷினுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் எத்தனை வாட் என்பதையும் மேலே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பார்த்துச் சொல்லுங்கள். 1650க்குப் போட்ட பழைய எஸ்எம்பிஎஸ் என்றால் அதற்கும் ஒரு தொகை ஒதுக்க வேண்டியிருக்கும்.